காசா, காட்டா?

சென்ற சனிக்கிழமை மாலை வெள்ளவத்தையில், காலி வீதியோரத்துக் கடையொன்றில் மைசூர்ப் பருப்பும் சம்பா அரிசியும் ஒரு கட்டு வல்லாரையும் எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது, காசு வாங்கும் மேசையில் இருந்த பிள்ளை இயந்திரத்தைப் பார்த்தபடியே "காசா, காட்டா?" என்று கேட்டார். நான் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருக்க, எனக்குப் பின்னால் நின்ற மாஸ்டர் உற்சாகமாகிவிட்டார். அவர் எங்கள் மாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிப்பவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு படிப்பித்து ஓய்வு பெற்றவர். "கேட்டீரே? வெள்ளைக்காரன் எங்கட காசைக் கொண்டுபோய்த்தான் கேஷ் எண்டு பேர் வைச்சவன். இந்தப் பிள்ளை அதைத் திருப்பி வாங்கிப்போட்டுது" என்றார்.

பின்னால் ஐந்தாறு பேர் கூடையுடன் நின்றார்கள். அந்த இடத்தில் சொற்பிறப்பு பேசினால் அடுத்த முறை கடைக்குள் விடமாட்டார்கள் என்பதால் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தப் பேச்சு அன்றிரவு முழுவதும் காதுக்குள் கிடந்தது. கேஷ் என்ற சொல் தமிழிலிருந்து போனது என்று நம்மவர் சொல்லக் கேட்பது இது முதல் தடவை அன்று. திருமண வீட்டுப் பந்தியிலும் கேட்டிருக்கிறேன், மேடைப் பேச்சிலும் கேட்டிருக்கிறேன். சொல்பவரின் முகத்தில் ஒரு மகிழ்ச்சி இருக்கும். அதைக் கெடுக்க மனம் வராது. கெடுக்கவும் தேவையில்லை என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. மாஸ்டர் சொன்னது பிழை. ஆனால் அவர் நினையாத ஓர் இடத்தில் அது சரி.

முதலில் பிழையான பக்கத்தைப் பார்த்துவிடலாம். கடையில் நாம் நீட்டும் கேஷ், வங்கியில் எண்ணப்படும் கேஷ், கணக்குப் புத்தகத்தில் எழுதப்படும் கேஷ் ஆகியவை தமிழிலிருந்து போனவை அல்ல. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தச் சொல் ஆங்கில எழுத்தில் தோன்றும்போது அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது, கையிலுள்ள பணம் என்ற பொருளும் இருந்தது. பிரெஞ்சு மொழியின் கெஸ், இத்தாலிய மொழியின் காசா ஆகிய இரண்டும் பெட்டியைக் குறிப்பவை. இரண்டுக்கும் தாய் இலத்தீன் மொழியின் கப்சா; அதுவும் பெட்டிதான். ஐரோப்பிய வணிகக் கணக்கு முறை இத்தாலிய நகரங்களில் வளர்ந்தது என்பதையும், வரவு செலவு ஏட்டில் பெட்டிக்கென்று தனிக் கணக்கு வைப்பது அங்கே வழக்கமாக இருந்தது என்பதையும் மாஸ்டர் என்னைவிட நன்றாக அறிவார். பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுக் கேட்டே, பெட்டியின் பெயர் உள்ளே இருப்பதற்கு ஆகிவிட்டது.

நமது இலக்கணத்தில் இதற்குப் பெயர் உண்டு. ஊர் சிரித்தது என்றால் ஊரிலுள்ள மனிதர் சிரித்தார்கள் என்று கொள்வது இடவாகுபெயர். கேஷ் என்பதும் அப்படிப்பட்ட இடவாகுபெயரே. பாலை இறக்கு என்று சொல்லிப் பால் இருக்கும் பாத்திரத்தை இறக்கச் செய்வது இதற்கு நேர் எதிரான தானியாகுபெயர். ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோன இந்தப் பெயர்கள், ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குத் திரும்பவும் உதவின. 1755 இல் சாமுவேல் ஜோன்சன் தம்முடைய ஆங்கில அகராதியை வெளியிட்டபோதுகூடப் பெட்டி முற்றாக மறைந்திருக்கவில்லை. கேஷ் என்பதற்கு அவர் பணம் என்று எழுதிவிட்டு, பெட்டியிலோ கையிலோ ஆயத்தமாக உள்ள பணம் என்று தெளிவுபடுத்தினார். அதன் பிறகு பெட்டி அடியோடு மறந்துபோயிற்று. மறந்துபோனதனால்தான் கேஷ் பொக்ஸ் என்று பின்னாளில் கூசாமல் சொல்ல முடிந்தது. வேர் தெரிந்தவர் காதுக்கு அது பெட்டிப்பெட்டி என்று கேட்கும்.

அதே கப்சாவின் பிள்ளைகள் இன்னும் சில நம்மிடையே நடமாடுகின்றன. மூக்குக்கண்ணாடியை வைக்கும் கேஸ் அதில் ஒன்று. மருந்துக்கடையில் வாங்கும் கப்சூல் இன்னொன்று. சிறு பெட்டி என்பதே அதன் நேர்ப்பொருள். தோற்றத்தால் உறவு போலத் தெரிந்தும் உறவில்லாதவை வேறு சில. மரமுந்திரிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கஷூ என்ற பெயர் பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் துப்பி மொழியிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. கொழும்பில் நாம் கஜு என்று சொல்வதும் அதே வழியில் வந்ததே. கணினியில் பேசப்படும் கேஷ், ஒளித்து வைத்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல். எழுத்து வேறு, ஒலி மட்டும் ஒன்று.

கேஷியர் என்ற சொல்லில் நானே ஒரு முறை வழுக்கி விழுந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு நாளிதழின் இரவுப் பணியில் இருந்தபோது, வெளிநாட்டுச் செய்தியொன்று என் மேசைக்கு வந்தது. ஏதோ ஒரு நாட்டின் படை அதிகாரி களஞ்சியப் பொருட்களைத் திருடி விற்றமைக்காக இராணுவ நீதிமன்றத்தால் கேஷியர் செய்யப்பட்டார் என்றது அந்தச் செய்தி. நேரமும் இல்லை, அகராதியும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. விசாரணையின் முடிவில் அவர் காசாளராக நியமிக்கப்பட்டார் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் அதைப் பிடித்துவிட்டார். "களவெடுத்தவன்ர கையிலயே திறப்பைக் குடுத்திட்டீர்" என்றார் அவர். பெயர்ச்சொல்லாகிய கேஷியர் பெட்டிக்கு உரியவர். வினைச்சொல்லாகிய கேஷியர் அவமானப்படுத்திப் பதவி பறித்தல். பின்னையது ஒல்லாந்த மொழி வழியாக, உடைத்தல், செல்லாததாக்குதல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து, ஒல்லாந்து நாட்டுப் போர்களில் நின்ற ஆங்கிலப் படைவீரர்கள் பதினாறாம் நூற்றாண்டில் கொண்டு போனது. இரண்டும் ஒரே எழுத்துக்களை உடுத்திக்கொண்டு திரிகின்றன. அன்றிலிருந்து, ஒரே உருவில் இரு சொற்கள் இருக்கக்கூடும் என்ற பயம் எனக்கு உண்டு.

அந்தப் பயம் இந்த இடத்தில் பயன்பட்டது. பெரிய ஒக்ஸ்போர்ட் அகராதியில் கேஷ் என்ற பெயர்ச்சொல் இரண்டு தனிப் பதிவுகளாக இருக்கிறது. முதலாவது, மேலே சொன்ன பெட்டி. இரண்டாவது, கீழைநாடுகளில் வழங்கிய சிறுமதிப்பு நாணயம். அந்த இரண்டாவது கேஷ்தான் நம்முடைய காசு.

அதன் பயணம் போர்த்துக்கேயருடன் தொடங்குகிறது. தென்னிந்தியக் கரைகளில் வணிகம் செய்ய வந்த அவர்கள், மக்கள் காசு என்று சொன்ன சிறு நாணயத்தைத் தங்கள் வாயில் கைஷா ஆக்கிக்கொண்டார்கள். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் சொற்களைத் திரட்டி யூலும் பர்னலும் 1886 இல் வெளியிட்ட ஹொப்சன்-ஜொப்சன் என்னும் அகராதி, போர்த்துக்கேயர் இதைத் தமிழிலிருந்தோ கொங்கணியின் ஏதோவொரு வடிவத்திலிருந்தோ எடுத்திருக்கலாம் என்று சொல்கிறது. அவர்களுடைய கப்பல்களோடு அந்தப் பெயர் கிழக்கே மலாய்த் தீவுகளுக்கும் போயிற்று. கோவாவில் பேராயரின் செயலாளராகப் பணியாற்றிய யான் ஹூயன் வான் லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தர் எழுதிய பயண நூல் 1596 இல் வெளிவந்தது. 1598 இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. யாவாத் தீவின் மேற்கிலுள்ள சுண்டா நாட்டில் புழங்கிய செப்புக்காசை அந்த நூல் கைஷா என்றே குறிப்பிடுகிறது. அதாவது, பெட்டியாகிய கேஷ் இத்தாலியப் பக்கத்திலிருந்தும், காசாகிய கேஷ் கீழைக்கடலிலிருந்தும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் ஆங்கிலத்துக்குள் இறங்கியிருக்கின்றன. ஒன்றையொன்று அறியாத இரண்டு பயணிகள் ஒரே நாளில் ஒரே துறைமுகத்தில் ஒரே பெயரைப் பதிவு செய்ததைப் போன்றது இது.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடமும் அதுவே. போர்த்துக்கேய மொழியில் கைஷா என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருந்தது. அதன் பொருள் பெட்டி. அதே கப்சாவின் வழிவந்த பெட்டி! போர்த்துக்கேயர் காசு என்ற ஒலியைக் கேட்டவுடன், தமக்கு முன்பே பழக்கமான, பணத்தோடு தொடர்புடைய தங்கள் பெட்டிச் சொல்லின் உருவத்தை அதற்கு அணிவித்துவிட்டார்கள். அந்நியச் சொல்லைக் கேட்கும் காது எப்போதும் இப்படித்தான் நடந்துகொள்ளும். தனக்குத் தெரிந்த ஒன்றின் சாயலில்தான் அதை வாங்கிக்கொள்ளும். ஆகவே இரு சொற்களும் முதலில் கலந்தது இலண்டனில் அன்று, போர்த்துக்கேய மாலுமியின் வாயில். அவர்கள் நமக்குக் கொடுத்தவற்றை எண்ணிப் பார்த்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் இயல்பாகவே தோன்றும். காலையில் பாண் சாப்பிட்டு, கதிரையில் இருந்து, மேசையில் எழுதி, அலுமாரியைத் திறந்து, துவாயால் முகம் துடைத்து, சப்பாத்துப் போட்டுக்கொண்டு புறப்படும் கொழும்புத் தமிழர், வீட்டுப் படியைத் தாண்டுமுன் ஆறு போர்த்துக்கேயச் சொற்களைச் செலவழித்துவிடுகிறார். அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது காசு. வியாபாரிகள் அல்லவா!

போர்த்துக்கேயருக்குப் பின் வந்த ஆங்கிலேயர் இந்தக் கேஷைக் கணக்குப் புத்தகத்திலேயே ஏற்றிவிட்டார்கள். சென்னையில் 1818 வரை வழங்கிய கணக்கின்படி 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். அப்படியானால் ஒரு வராகனுக்கு 3,360 காசு. இதில் பணம் என்பதும் நம் சொல்லே. ஆங்கிலேயர் அதை ஃபனம் என்று எழுதினார்கள். 1818 இல் ரூபாய் நிலையான நாணயமானபோது மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று கணக்கு முடிக்கப்பட்டது. இந்தக் கணக்கை மாஸ்டரிடம் சொன்னபோது அவர் ரசித்தது வரலாற்றை அன்று. 80 ஐயும் 42 ஐயும் வைத்துக்கொண்டு ஐந்தொகை சமப்படுத்த வேண்டியிருந்த அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளைகளை நினைத்துத்தான் அவர் வருந்தினார்.

கிழக்கிந்தியக் கம்பனி இந்தக் காசுகளைச் சென்னையில் மட்டும் அடிக்கவில்லை. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் சோஹோ ஆலையிலும் நீராவி இயந்திரத்தில் அடித்து அனுப்பியது. 1808 ஆம் ஆண்டுக்குரிய 10 காசு, 20 காசு நாணயங்களில் ஒரு பக்கம் கம்பனியின் சின்னம். மறுபக்கத்தில் பாரசீக எழுத்திலும் ஆங்கிலத்திலும் மதிப்பு. 20 காசு நாலு ஃபுலூஸ் (செப்புக்காசு) என்று 20 காசு நாணயத்தின் பாரசீக வரி சொல்கிறது. தமிழ்ப் பெயருடைய செப்பு நாணயம் பாரசீக எழுத்துடன் பர்மிங்காமில் பிறந்தது என்பது எழுதும்போதே வேடிக்கையாக இருக்கிறது. அந்த நாணயங்களை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையை விட்டு முழுமையாக விலகுமுன்பே, குட்வின் மணற்றிட்டில் மோதி மூழ்கிவிட்டது. ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சுழியோடிகள் அந்தக் காசுகளை ஏராளமாக மேலே எடுத்தார்கள். இன்று இணையத்தில் பழநாணயம் விற்போரிடம் அவை மலிவாகக் கிடைக்கின்றன. மதராசின் காய்கறிச் சந்தையில் தேய்ந்து போயிருக்க வேண்டியவை, எந்தக் கையும் படாமல் கடலடியில் இருந்துவிட்டன.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. தரங்கம்பாடியில் கோட்டை கட்டியிருந்த தென்மார்க்கு நாட்டவர் தங்கள் அரசரின் முத்திரையுடன் காஸ் என்ற பெயரிலேயே நாணயம் வெளியிட்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அதைக் காஷ் என்றார்கள். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் எண்ணினார்கள்.

எல்லாவற்றிலும் தொலைதூரம் போனது சீனத்துக்குப் போன காசு. நடுவில் சதுரத் துளையிட்டுக் கயிற்றில் கோக்கும் சீனச் செப்பு நாணயத்துக்குச் சீனர் தங்கள் மொழியில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஐரோப்பியர் அதைக் கேஷ் என்றே அழைத்தார்கள்; ஆங்கில நாணய நூல்களில் இன்றைக்கும் அதன் பெயர் அதுதான். சீனப் பேரரசின் நாணயம் உலகம் முழுவதும் தமிழ்ப் பெயரால் அறியப்படுகிறது என்று மேடையில் பேசினால் கைதட்டு விழும், அது பொய்யும் ஆகாது. சீனாவின் சோங் அரச மரபினர் வெளியிட்ட அத்தகைய துளைக்காசுகள் நம் நாட்டின் யாப்பகுவவிலும் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. அவற்றைக் கையில் வாங்கிய வணிகர்களில் தமிழரும் இருந்திருந்தால், அவர்களும் காசு என்றே சொல்லியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஆக, மாஸ்டரின் வாக்கியத்தில் எந்தக் கேஷ் என்பதை மட்டும் திருத்த வேண்டும். வெள்ளைக்காரன் நம் காசை எடுத்துக் கேஷ் என்று பெயர் வைத்தது உண்மை. ஆனால் அந்தக் கேஷ் அவனுடைய சொந்த ஊர்க் கடையில் செல்லவில்லை. இலண்டனில் ரொட்டி வாங்கியவனின் கேஷ் வேறு, மதராசில் புளி வாங்கியவனின் கேஷ் வேறு.

இனிக் காசு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மீந்திருக்கிறது. அதிலும் இரண்டு கட்சிகள். யூலும் பர்னலும் அதை வடமொழியில் ஓர் எடையைக் குறிக்கும் கர்ஷ என்ற சொல்லோடு இணைத்தார்கள். அந்த எடைச்சொல்லின் வழியில்தான் கார்ஷாபணம் என்ற பழைய நாணயப் பெயரும், பாளியின் கஹாபணவும், சிங்களத்தின் கஹவணுவும் வந்தன. மறுபக்கத்தில், பர்ரோவும் எமனோவும் 1961 இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் காசு இடம்பெற்றிருக்கிறது. மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகியவற்றின் சொற்களும் அதனோடு வரிசையாக நிற்கின்றன. நான் இதில் தீர்ப்புச் சொல்லத் தகுதி உடையவன் அல்லன். ஆனாலும் சங்கப் பாடல்களைப் பார்க்கும்போது, எடையிலிருந்து தொடங்கிய சொல் என்று ஏற்க எனக்குத் தயக்கம் வருகிறது. ஏனென்றால் அங்கே காசு என்பது எடையும் அன்று, விலையும் அன்று. கோக்கப்படும் ஓர் அணி.

குறுந்தொகையின் 67 ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு காட்சியைக் காட்டுகிறார். கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழமொன்றைக் கவ்வியிருக்கிறது. அது, புதிய நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் தன் கூரிய நகநுனியில் பிடித்திருக்கும் பொன் அணிகலத்தின் ஒற்றைக் காசைப் போல இருக்கிறதாம். பொருள் தேடக் கள்ளிக்காட்டைக் கடந்து போனவனை நினைத்துத் தலைவி சொல்லும் பாட்டு அது. போனவன் தேடுவது பணம். அவள் கண்ணுக்குத் தெரிவது வேப்பம்பழம் போன்ற காசு. எத்தனை தடவை படித்தாலும் அந்த நகநுனியைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை. செட்டியார் தெருவில் நகைக்கடைகளுக்குப் பின்னால் உள்ள பட்டறைகளில் காசுமாலை கோக்கும் கைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

நூற்றாண்டுகள் கடந்து தேவாரத்துக்கு வந்தால் காசு சந்தைக்குப் போகும் பொன் நாணயமாக நிற்கிறது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியவர்களுக்கு உணவு கொடுப்பதற்காகச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு கோயிலிலே கிடைத்தது என்பது பெரியபுராணக் கதை. அப்பருடைய மடத்தில் நேரத்துக்குச் சமையல் முடிந்துவிடும். சம்பந்தருடைய மடத்தில் பிந்தும். விசாரித்தபோது, சம்பந்தர் பெற்ற காசைக் கடைக்காரர் முழுமதிப்புக்கு ஏற்காமல் வட்டம், அதாவது கழிவு, கேட்கிறார்கள் என்றும், அந்தப் பேரத்திலேயே பொழுது போகிறது என்றும் தெரிந்தது. உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்பவருக்கு நல்ல காசு கிடைத்தது. பாடிக்கொண்டு வந்த பிள்ளைக்கு வாசியுள்ள, அதாவது மதிப்புக் குறைந்த, காசு. அப்போதுதான் "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று சம்பந்தர் பாடினார். நாணயத்தின் மாற்று, கடைக்காரனின் கழிவு, கூலிக்கும் கொடைக்கும் உள்ள வேறுபாடு எல்லாம் ஒரே பதிகத்தின் பின்னணியில் இருக்கின்றன. பம்பலப்பிட்டிக் கோயிலொன்றில் ஓதுவார் இதைப் பாடும்போது எனக்குப் பக்தியோடு நாணயமாற்று விகிதமும் நினைவுக்கு வரும், மன்னிக்க வேண்டும். சோழர் கல்வெட்டுக்களில் ஈழக்காசு என்று ஒரு நாணயமும் பேசப்படுகிறது என்பதால், இந்தச் சொல்லில் நம் தீவுக்கும் பங்கு கேட்கலாம்.

பிற்காலத்தில் அது பொன்னிலிருந்து செம்புக்கு இறங்கியது. "காசுக்கு ஒரு குதிரையும் வேண்டும், காற்றைப் போலப் பறக்கவும் வேண்டும்" என்ற பழமொழியில் காசு அற்பத் தொகை. கழுத்தில் தொங்கும் காசுமாலையில் அது இன்னும் பொன்னாகவே இருக்கிறது.

ஒரே உருவில் இரு சொற்கள் என்று ஆங்கிலத்தைப் பற்றிச் சொன்னேன். தமிழில் காசும் அப்படியே. குற்றம் என்ற பொருளில் இன்னொரு காசு உண்டு. "மாசறு பொன்னே, வலம்புரி முத்தே, காசறு விரையே" என்று கோவலன் கண்ணகியைப் புகழும்போது காசு என்பது குறையைக் குறிக்கிறது. தன் கையிலிருந்த காசையெல்லாம் பின்னாளில் தொலைக்கப் போகிறவன் சொல்லும் வரி இது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகள் வைத்தவர்களும் காசைக் கைவிடவில்லை. "சொல்லிழுக்குப் பட்டு" என்று முடியும் குறளில் பட்டு என்பது காசு. சொல்லில் வழுக்கியவர்களைப் பற்றிய குறள் அது. இரவுப் பணி நினைவு வந்து நான் அதை விரைவாகக் கடந்துவிடுவேன்.

இவ்வளவும் படித்த பின், கடையில் இருந்த பிள்ளையின் கேள்வி எனக்கு வேறுவிதமாகக் கேட்கிறது. தமிழ்நாட்டில் கேஷ் என்பதற்கு எழுத்துத் தமிழில் ரொக்கம் என்பார்கள். இலங்கையில் நாங்கள் காசு என்றே எழுதினோம். மாஸ்டர் வாழ்நாள் முழுவதும் கரும்பலகையில் வரைந்தவை காசேடும் சில்லறைக் காசேடும் காசுக் கழிவும் காசுப் பாய்ச்சல் கூற்றும். தபாற்கந்தோரில் காசுக்கட்டளை, வங்கியில் காசோலை. பாடநூல்களுக்குக் கலைச்சொல் அமைத்தவர்கள், பொருளும் பொருந்தி ஒலியும் பொருந்திய சொல் கையருகே இருந்ததால் அதையே எடுத்தார்கள் போலும். பெட்டியிலிருந்து வந்த கேஷுக்குப் பொற்கொல்லனின் நகநுனியிலிருந்து வந்த காசை மொழிபெயர்ப்பாக வைத்துவிட்டோம். போர்த்துக்கேய மாலுமி வாயால் செய்த கலப்பை நாங்கள் பேனாவால் இன்னொரு முறை செய்திருக்கிறோம்.

பேச்சிலோ காசுதான் எல்லாம். பணம் என்பது இங்கே பத்திரிகைக்கும் பாடநூலுக்கும் உரியது. வீட்டில் காசு, கடையில் மிச்சக்காசு, கோயிலில் உண்டியல் காசு. புறக்கோட்டையில் முஸ்லிம் வியாபாரிகள் சல்லி என்பார்கள், சிங்களவரும் சல்லி என்பார்கள். செப்புச் சல்லிக்காசு மறைந்த பின்னும் அதன் பெயர் இரு மொழிகளில் பிழைத்திருக்கிறது. ஒல்லாந்தர் தந்த லாச்சிக்குள் காசு கிடக்கிறது. கடையின் மேசை இழுப்பறையைத் திறக்கும்போது "லாச்சிக்க காசு இருக்கே?" என்று ஒரு யாழ்ப்பாணத்து முதலாளி கேட்டால், ஒல்லாந்தப் பெட்டியையும் தமிழ்க் காசையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

நேற்று மாலை மாஸ்டரை அதே கடையில் மறுபடி சந்தித்தேன். வரிசையில் ஆள் இல்லாததால் பெட்டி, கப்சா, கைஷா, பர்மிங்காம், மூழ்கிய கப்பல் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கையிலிருந்த பாணை மறு கைக்கு மாற்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். "அப்ப இரட்டைப் பதிவு. ரெண்டு கணக்கு, ஒரே பேர். நான் ரெண்டையும் ஒண்டாய்ப் போட்டுட்டன்" என்றார். கணக்கீட்டு ஆசிரியரிடமிருந்து இதைவிடப் பெரிய ஒப்புதலை எதிர்பார்க்க முடியாது.

பிறகு தாளை நீட்டினார். அந்தப் பிள்ளை மிச்சக்காசை எண்ணி வைத்துவிட்டு, மூன்று ரூபாய்க்குச் சில்லறை இல்லை என்று ஒரு டொபியை மேலே வைத்தார். மாஸ்டர் டொபியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைக் காசேட்டில எந்தப் பக்கம் எழுதிறது?"